புல்டோசர் என்றால் முதலில் மனிதர்கள்

போன வருடம் அலுவலகத்தில் வந்த அப்ரைசலில் ஒரு வரி என்னைச் சில நாள் தூங்கவிடவில்லை. கூட்டங்களில் நான் மற்றவர்களை ‘புல்டோஸ்’ செய்கிறேன் என்று குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். யார் என்று தெரியாது. அந்தப் படிவத்தில் பெயர் வராது. நான் யாரையும் திட்டியதில்லை, குரலை உயர்த்தியதுகூட இல்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். அக்காவிடம் புலம்பியபோது அவள் சாவகாசமாகச் சொன்னாள்: “இதுல என்னடா ஆச்சரியம்? வீட்லயும் நீ அப்படித்தான். முடிவ எடுத்துட்டு வந்துதான் எங்ககிட்ட அபிப்பிராயம் கேப்ப.”

கோபத்தை எங்கேயாவது செலவழிக்க வேண்டுமே. அந்தச் சொல்லின் மீது செலவழித்தேன். மஞ்சள் நிறத்தில், முன்னால் இரும்புப் பலகை வைத்த இயந்திரம் ஒன்று மண்ணையும் மரத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு போகிறது. அதேபோல அடுத்தவர் பேச்சைத் தள்ளிக்கொண்டு போகிறவனை இயந்திரத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். இயந்திரம் முதலில், உவமை பிறகு. நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

அகராதியைப் பார்த்தால் கதை தலைகீழாக இருந்தது. ‘புல்டோஸ்’ என்ற வினைச்சொல் அச்சில் தென்படத் தொடங்குவது 1876-ல். பெட்ரோல் இன்ஜின் வைத்த டிராக்டரே அப்போது பிறக்கவில்லை. இயந்திரத்துக்கு முன்னால் அது மனிதர்களுக்கு வைத்த பெயர். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், இரவில் குதிரையேறி வந்து கறுப்பின வாக்காளர்களின் கதவைத் தட்டியவர்களைத்தான் முதலில் புல்டோசர்கள் என்றார்கள்.

சொல்லின் பிறப்புக்கு அகராதிகள் தரும் வழக்கமான விளக்கம் இது. ‘புல்’ என்றால் காளை. ‘டோஸ்’ என்றால் மருந்தின் அளவு. காளைக்குக் கொடுக்கிற அளவு டோஸ். அதாவது காளையை அடிக்கிற அளவுக்கு மனிதனைச் சாட்டையால் அடிப்பது. தொடக்கத்தில் ‘டோஸ்’ என்பதை மருந்துச் சொல்லின் எழுத்துக்கூட்டலிலேயே எழுதினார்கள், கடைசி மெய் பிறகுதான் மாறியது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.

இதைப் படித்தபோது சின்னதாக ஒரு திடுக்கிடல். நாமும் ‘டோஸ்’ என்ற சொல்லை அப்படித்தானே வைத்திருக்கிறோம்? “அப்பாகிட்ட செம டோஸ்”, “மேனேஜர் டோஸ் விட்டாரு.” மருந்து கொடுப்பவன் உன் நன்மைக்குத்தான் கொடுக்கிறான் என்கிற பாவனை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அடிப்பவனை மருத்துவனாக்கிவிடுகிறது. அடி வாங்குகிறவன் நோயாளி ஆகிவிடுகிறான்.

*

1876-ல் லூசியானாவில் யாருக்கு என்ன நோய் என்று பார்க்க, பத்து வருடம் பின்னால் போக வேண்டும்.

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்து, அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-ல் 14-வது திருத்தம் குடியுரிமை தந்தது. 1870-ல் 15-வது திருத்தம், நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. லூசியானாவின் மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேர் கறுப்பினத்தவர். நேற்றுவரை பருத்திக் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் உடைமையாக இருந்தவர்கள், இன்று வாக்குச்சாவடி வரிசையில் நின்றார்கள். 1872 டிசம்பரில் பி. பி. எஸ். பிஞ்ச்பேக் என்கிற கறுப்பினத்தவர் சில வாரங்கள் அந்த மாநிலத்தின் ஆளுநராகவே இருந்தார். அமெரிக்க வரலாற்றில் அதுதான் முதல் முறை.

இன்றைய அமெரிக்கச் செய்திகளை வைத்துக் குழம்பிவிடக் கூடாது. அன்று குடியரசுக் கட்சிதான் லிங்கனின் கட்சி, விடுதலை பெற்றவர்களின் கட்சி. தெற்கின் பழைய நில உடைமையாளர்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் இருந்தார்கள்.

எண்ணிக்கையில் தோற்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியதுதான் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. கோல்ஃபாக்ஸ் என்ற ஊரில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்துநின்ற கறுப்பினத்தவரை ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் சுற்றிவளைத்துக் கொன்றது. சரணடைந்த பிறகு கொல்லப்பட்டவர்களே அதிகம். மிகக் குறைந்த கணக்கே அறுபதைத் தாண்டுகிறது. 150 என்கிற கணக்கும் உண்டு. வெள்ளையர் தரப்பில் இறந்தவர்கள் மூன்று பேர். தண்டனை பெற்றவர்களும் மூன்றே மூன்று பேர். அந்தத் தண்டனையையும் 1876 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 14-வது திருத்தம் மாநில அரசுகளின் செயலைத்தான் கட்டுப்படுத்தும், தனி மனிதர்களின் செயலை அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

சுருக்கமாகச் சொன்னால், சீருடை போட்டு அடித்தால் கூட்டாட்சி அரசு கேட்கும். சீருடை இல்லாமல் அடித்தால் உள்ளூர்க்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளூர்க்காரர்கள் யார்? அடித்தவர்களின் மாமனும் மச்சானும்.

அந்தத் தீர்ப்பு வந்த அதே ஆண்டில்தான், அதே மாநிலத்தில்தான் ‘புல்டோஸ்’ என்ற சொல் அச்சேறியது.

*

லூசியானாவில் மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள். ஈஸ்ட் ஃபெலிசியானா, வெஸ்ட் ஃபெலிசியானா, ஈஸ்ட் பேட்டன் ரூஜ், வாஷிடா, மோர்ஹவுஸ் என்ற ஐந்து பாரிஷ்களுக்கு அந்தத் தேர்தலில் ஒரு அடைமொழியே வந்தது: புல்டோஸ் செய்யப்பட்ட பாரிஷ்கள்.

எப்படி நடந்தது? எல்லோரையும் கொல்லவில்லை. அது முடியாது, அவர்களுக்குத் தேவையும் இல்லை. பருத்தி பறிக்க ஆள் வேண்டுமே. கட்சிக் கூட்டம் நடத்துகிறவர், படிக்கத் தெரிந்தவர், தேவாலயத்தில் பேசுகிறவர், இந்த மாதிரி ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இரவில் வந்து வெளியே இழுத்துச் சாட்டையால் அடித்தார்கள். சிலரைக் கொன்றார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்தார்கள். வாக்கு நாள் அன்று வாக்குச்சாவடியில் எந்தக் கலவரமும் இல்லை. அமைதியான தேர்தல். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருந்த ஈஸ்ட் ஃபெலிசியானாவில் குடியரசுக் கட்சிக்கு அநேகமாக ஓட்டே விழவில்லை.

இந்த அமைதிதான் புல்டோசிங்கின் நுட்பம். வன்முறை நடந்தது வேறொரு நாளில், வேறொரு இடத்தில், இருட்டில். தேர்தல் நாளைப் புகைப்படம் எடுத்திருந்தால் ஒரு குற்றமும் தெரிந்திருக்காது.

வாஷிடா பாரிஷில் எலிசா பிங்க்ஸ்டன் என்று ஒரு பெண். தேர்தலுக்குச் சில நாள் முன்பு அவர் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். கணவர் ஹென்றியைக் கொன்றார்கள். கைக்குழந்தையைக் கொன்றார்கள். எலிசாவை வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர் சாகவில்லை. நியூ ஆர்லியன்ஸில் வாக்குகளைச் சரிபார்க்கும் வாரியத்தின் முன்பு அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். வாஷிங்டனிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர்களுக்கு எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்.

அடுத்து நடந்ததும் நமக்குப் பழக்கமானதுதான். அவள் எப்படிப்பட்டவள், நடத்தை எப்படி, பொய் சொல்கிறவளா என்று எதிர்த்தரப்பு கிளறத் தொடங்கியது. கொலையைப் பற்றிய விசாரணை, கொலையைப் பார்த்தவளைப் பற்றிய விசாரணையாக மாறியது.

*

ஒரு மாநிலத்தின் உள்விவகாரம் எப்படி உலகறிந்த சொல்லானது? காரணம், அந்த ஆண்டு அதிபர் தேர்தல்.

1876 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டனுக்கும் குடியரசுக் கட்சியின் ரதர்ஃபோர்டு ஹேயஸுக்கும் போட்டி. டில்டனுக்கு மக்கள் வாக்கு அதிகம். தேர்வாளர் வாக்குகளில் அவருக்கு 184 உறுதி. ஜெயிக்க 185 வேண்டும். ஹேயஸுக்கு 165. மீதி இருபது வாக்குகள் தகராறில் இருந்தன: லூசியானா, ஃபுளோரிடா, தென் கரோலினா, ஆரிகனில் ஒன்று. இருபதும் கிடைத்தால்தான் ஹேயஸ் அதிபர். ஒன்றே ஒன்று கிடைத்தாலும் டில்டன் அதிபர்.

லூசியானாவின் சரிபார்ப்பு வாரியம் முழுக்கக் குடியரசுக் கட்சியினரால் ஆனது. மிரட்டல் நடந்த இடங்களின் வாக்குகளைத் தள்ளுபடி செய்ய அதற்குச் சட்டப்படி அதிகாரம் இருந்தது. அது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனநாயகக் கட்சி வாக்குகளைத் தள்ளியது. மாநிலம் ஹேயஸ் பக்கம் சாய்ந்தது. அந்த வாரியமும் ஒன்றும் சுத்தமானது இல்லை. பதவியை விலை பேசினார்கள் என்ற குற்றச்சாட்டு அதன் மேல் உண்டு. ஒரு பக்கம் சாட்டை, இன்னொரு பக்கம் பேனா. நாடு முழுக்கப் பத்திரிகைகள் இதையே எழுதின. ‘புல்டோஸ்’ என்ற சொல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து கிளம்பி நியூயார்க் காலை உணவு மேசை வரை போய்ச் சேர்ந்தது.

நாடாளுமன்றம் பதினைந்து பேர் கொண்ட ஆணையத்தை அமைத்தது. 8-க்கு 7 என்ற கணக்கில், கட்சி வாரியாகப் பிரிந்து, இருபது வாக்குகளையும் அது ஹேயஸுக்குக் கொடுத்தது. 185–184. 1877 மார்ச்சில் அவர் பதவியேற்றார். ஏப்ரலில், நியூ ஆர்லியன்ஸில் குடியரசுக் கட்சி ஆளுநருக்குக் காவலாக நின்ற கூட்டாட்சிப் படையை விலக்கிக்கொண்டார். அந்த அரசு கவிழ்ந்தது. ஜனநாயகக் கட்சி ஆளுநர் வந்து உட்கார்ந்தார்.

கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். லூசியானாவில் புல்டோசிங் நடந்தது என்ற வாதத்தால்தான் ஹேயஸுக்கு அந்த மாநிலத்தின் வாக்குகள் கிடைத்தன. அந்த வாக்குகள் இல்லாமல் அவர் அதிபர் இல்லை. பதவி கிடைத்த இரண்டு மாதத்துக்குள் அதே மாநிலத்தைப் புல்டோசர்களின் கையில் ஒப்படைத்துவிட்டார். எலிசா பிங்க்ஸ்டனின் காயம் ஒரு மனிதரை வெள்ளை மாளிகைக்கு அனுப்பப் பயன்பட்டது. எலிசாவுக்கு அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

*

சொல்லுக்கு மட்டும் நல்ல காலம் பிறந்தது.

அதற்கு வேடிக்கையான ஒலி இருந்தது. சாட்டையடி, கொலை, மிரட்டல் என்று ஒவ்வொன்றாக எழுதினால் வாசகருக்கு வயிறு கலங்கும். ‘புல்டோஸ்’ என்றால் கலங்காது. சில வருடங்களிலேயே வட மாநிலங்களில் எந்த வற்புறுத்தலுக்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். கட்சிக்காரர் கட்சிக்காரரைப் புல்டோஸ் செய்தார், வியாபாரி வியாபாரியைப் புல்டோஸ் செய்தார். பெரிய சைஸ் கைத்துப்பாக்கி ஒன்றுக்குக்கூட அந்தப் பெயர் வந்தது.

நமக்கும் இந்த வித்தை தெரியும். “கவனிச்சு அனுப்பினோம்” என்கிறோம். லாக்கப்பில் கை உடைந்தவனைப் பற்றி “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான், மாவுக்கட்டு” என்று மீம் போட்டுச் சிரிக்கிறோம். நானே ஃபார்வர்டு செய்திருக்கிறேன். சிரிப்பு வந்துவிட்டால் கேள்வி வராது. யாருடைய கை, யார் உடைத்தார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வடக்கில் சொல் நகைச்சுவையாகிக்கொண்டிருந்தபோது தெற்கில் அது அன்றாடமாகவே இருந்தது. 1879 வசந்தத்தில் லூசியானா, மிசிசிப்பி, டெக்சஸ் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு மிசிசிப்பி ஆற்றங்கரைக்கு வந்தன. கான்சாஸ் போக வேண்டும். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய மண் அது. விவிலியத்தில் எகிப்தை விட்டு வெளியேறியவர்களின் நினைவில் இவர்களை எக்சோடஸ்டர்கள் என்று அழைத்தார்கள். படகுக்காரர்கள் பலர் ஏற்ற மறுத்தார்கள். கையில் காசில்லாமல், பசியோடு கரையிலேயே காத்துக் கிடந்தார்கள்.

இது சரியா என்று அவர்களுக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. அடிமையாகப் பிறந்து நாட்டின் மிகப் பெரிய கறுப்பினத் தலைவரான ஃபிரெடரிக் டக்ளஸ் இந்தப் பயணத்தை எதிர்த்தார். உரிமையைத் தெற்கிலேயே நின்று கேட்க வேண்டும், ஓடினால் அந்த மண்ணைப் புல்டோசர்களுக்கே எழுதிக் கொடுத்ததாகிவிடும் என்ற கவலை அவருக்கு. லூசியானாவின் ஹென்றி ஆடம்ஸ் வேறு பக்கம் நின்றார். அவரும் அடிமையாகப் பிறந்தவர். ராணுவத்தில் எழுதப் படிக்கக் கற்றவர். ஊர் ஊராக நிலைமையை விசாரித்து எழுதிக்கொண்ட ஒரு குழுவில் இருந்தார். இடம்பெயரத் தயாராக 98,000 பேர் பெயர் கொடுத்திருப்பதாக 1880-ல் செனட் குழுவின் முன் சாட்சியம் சொன்னார்.

நின்று போராடு என்று சொல்வது சரிதான். ஆனால் அதை வாஷிங்டனிலிருந்து சொல்வதற்கும், இரவு குதிரைக் குளம்படி கேட்கிற குடிசையிலிருந்து சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நான் ஆடம்ஸ் பக்கம்தான் சாய்கிறேன். டக்ளஸின் பயம் பொய்யில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பயம் 1898-ல் சட்டமாகவே வந்தது. லூசியானா புதிய அரசியல் சட்டம் எழுதியது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் அல்லது சொத்து வேண்டும். ஆனால் 1867-க்கு முன் உன் தந்தையோ தாத்தாவோ வாக்காளராக இருந்திருந்தால் விதிவிலக்கு. 1867-க்கு முன் எந்தக் கறுப்பினத்தவரின் தாத்தாவுக்கு அங்கே ஓட்டு இருந்தது? 1896-ல் அந்த மாநிலத்தில் பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1900-ல் 5,320. 1904-ல் 1,342.

குதிரை, சாட்டை, இருட்டு எதுவும் தேவைப்படவில்லை. குமாஸ்தா ஒருவர் பதிவேட்டை மூடினால் போதும்.

*

இனி இயந்திரம்.

1880-களில் தொடங்கி, இரும்பை வளைக்கிற பெரிய அழுத்து இயந்திரம் ஒன்றைப் பட்டறைகளில் புல்டோசர் என்றார்கள். பிறகு மண்ணைத் தள்ளுகிற பலகைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1923-ல் ஜேம்ஸ் கம்மிங்ஸ் என்ற விவசாயியும் ஜே. ஏர்ல் மெக்லியோட் என்ற வரைவாளரும் சேர்ந்து டிராக்டருக்கு முன்னால் பலகையைப் பொருத்தும் அமைப்பைச் செய்தார்கள். எண்ணெய்க் குழாய் பதித்த பள்ளங்களை மூடுவதுதான் நோக்கம். 1925-ல் காப்புரிமை கிடைத்தது. அதன் தலைப்பு ‘டிராக்டருக்கான இணைப்பு’ என்பது மட்டுமே.

இது நடந்தது மாரோவில் என்ற சிற்றூரில். அது இருப்பது கான்சாஸில். மனிதப் புல்டோசர்களிடமிருந்து தப்பி ஓடியவர்கள் போய்ச் சேர்ந்த அதே கான்சாஸ். தற்செயல்தான். ஆனாலும் வரைபடத்தில் பார்த்தபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் உலகப் போர் புல்டோசரை நாயகனாக்கியது. பசிபிக் தீவுகளில் விமான ஓடுதளம் போட்டது அதுதான். போர் முடிந்ததும் அது ஊருக்குள் வந்தது. 1949-ன் வீட்டுவசதிச் சட்டமும் 1956-ன் நெடுஞ்சாலைச் சட்டமும் பணம் கொடுத்தன. பழைய குடியிருப்புகளை இடித்துச் சாலை போட்டார்கள். யாருடைய குடியிருப்பு என்று கேட்கவே வேண்டாம். நியூ ஆர்லியன்ஸில் ட்ரெமே என்ற கறுப்பினப் பகுதியின் உயிர்நாடி கிளெய்போர்ன் அவென்யூ. நடுவில் ஓக் மரங்கள் வரிசையாக நின்ற அகலமான தெரு. கடை, ஊர்வலம், திருவிழா எல்லாம் அந்த நிழலில்தான். 1966-ல் அந்த மரங்களைப் பிடுங்கி எறிந்து, மேலே மேம்பாலச் சாலை கட்டினார்கள்.

சொல் பிறந்த மாநிலத்துக்கே திரும்பி வந்துவிட்டது. இந்த முறை இரும்பு உடம்போடு.

நம் நாட்டுக்கும் வந்தது. 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலையின்போது, டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகளை இடிக்க புல்டோசர்கள் வந்தன. எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. லூசியானாவில் அந்தச் சொல் அச்சேறி அப்போது சரியாக நூறு ஆண்டு. சமீப வருடங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீட்டை இடிப்பதே தண்டனை என்றானபோது, 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது. நிர்வாகமே நீதிபதியாக முடியாது, பதினைந்து நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், மீறும் அதிகாரி சொந்தப் பணத்தில் ஈடுகட்ட நேரிடும் என்றது.

இயந்திரத்தில் எனக்குள்ள சங்கடம் இதுதான். 1876-ல் புல்டோசர் என்று சொன்னால் ஒரு ஆள் இருந்தான். அவனுக்கு முகம் உண்டு, குதிரை உண்டு, மறுநாள் கடைவீதியில் அவனைப் பார்க்கலாம். இன்று “புல்டோசர் இடித்தது” என்று எழுதுகிறோம். புல்டோசர் எதையும் இடிப்பதில்லை. யாரோ ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். யாரோ ஒருவர் சாவியைத் திருகுகிறார். சொல் மனிதனிலிருந்து இரும்புக்கு மாறியபோது எழுவாய் காணாமல் போய்விட்டது.

*

வெஸ்ட் ஃபெலிசியானாவுக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். புல்டோஸ் செய்யப்பட்ட ஐந்து பாரிஷ்களில் ஒன்று. 1902-க்குப் பிறகு அங்கே ஒரு கறுப்பினத்தவர்கூட வாக்காளராகப் பதிவு செய்யவில்லை. 1963-ல் ஜோ கார்ட்டர் என்ற போதகர் பதிவு அலுவலகத்துக்குப் போனார். முதல் முறை கைது செய்து அனுப்பினார்கள். அக்டோபரில் திரும்பவும் போனார். இந்த முறை அலுவலகத்துக்கு வெளியே கூட்டம் கூடி மிரட்டியது. அவர் பதிவு செய்துவிட்டுத்தான் வெளியே வந்தார். 61 ஆண்டுகளில் முதல் ஆள். இரண்டு ஆண்டு கழித்து, 1965-ல், வாக்குரிமைச் சட்டம் வந்தது.

ஒரு இரவில் செய்த வேலையைத் திருப்பிச் செய்ய கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் ஆகியிருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு என் அப்ரைசலுக்குத் திரும்பினால் அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. சாட்டையடியைக் குறித்த சொல்லை, கூட்டத்தில் குறுக்கே பேசுவதற்குப் பயன்படுத்தலாமா? பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பதிலை மனதுக்குள் தயார் செய்தேன். வரலாறு, ஆண்டு, பாரிஷ் பெயர் எல்லாம் அடுக்கி, எழுதியவர் வாயைத் திறக்க முடியாதபடி. பாதியில் எனக்கே உறைத்தது, இதைத்தானே அவர்கள் சொல்லியிருந்தார்கள் என்று.

தமிழில் எழுதியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன். “நாட்டாமை பண்றாரு” என்றிருப்பார்கள். அல்லது “சட்டாம்பிள்ளை.” இரண்டிலும் ஒரு ஆள் இருக்கிறான். நாட்டாமை ஊரில் தீர்ப்புச் சொன்னவன், சட்டாம்பிள்ளை திண்ணைப் பள்ளியில் மற்ற பிள்ளைகளை அதட்டியவன். புல்டோசரில் நான் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்; அது என் சுபாவம், நான் கொஞ்சம் ஃபோர்ஸானவன் என்று பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்ளலாம். நாட்டாமை என்றால் தப்பிக்க முடியாது. யார், யாரிடம், எந்த உரிமையில் என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது.

எழுதியவர் யார் என்று நான் தேடவில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் என் கருத்தைக் கடைசியாகச் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். முதல் பத்து நிமிடம் பெரும் அவஸ்தை. எப்போதும் பேசாத ஒரு பெண் பேசினாள். நான் தயார் செய்து கொண்டுபோன திட்டத்தில் எனக்குத் தெரியாத ஒரு ஓட்டை இருந்தது. அதை அவள் இரண்டு மாதமாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாளே தவிர, பதில் சொல்லவில்லை.